வாரத்துக்கு 2 நாள்தான் ஓட்டம்... ஆனாலும் சாம்பியன்! ஆறாத காயத்தை மாணவர்கள் எப்படிச் சமாளிக்கலாம்?

வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள்கள் மட்டுமே ஓடும் ஒருவர், தினமும் ஓடுகிறவர்களை முந்த முடியுமா?

முந்திக் காட்டினார் பார்க்கர் வால்பி. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அடுத்தடுத்து வந்த காயங்களால் அவரால் மற்றவர்கள்போல ஓட முடியவில்லை. ஓட்டத்தைக் குறைத்தார். மற்ற நாள்களில் நீச்சல் குளத்திலும், பாதம் தரையில் மோதாமல் காலுக்கு வேலை கொடுக்கும் 'ஆர்க் டிரெய்னர்' இயந்திரத்திலும் வியர்வை சிந்தினார். 2023-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான 5,000 மீட்டர் ஓட்டத்திலும் கிராஸ் கன்ட்ரியிலும் அவர்தான் சாம்பியன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடினார்.

எல்லோருக்கும் பதக்கம் கிடைக்காது. ஆனால், 'ஓட முடியவில்லை என்றால் எல்லாம் முடிந்தது' என்று நினைக்கத் தேவையில்லை என்பதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

வலி ஏன் மாதக்கணக்கில் நீடிக்கிறது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. எலும்பில் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடல் ஓய்வு நேரத்தில் சரிசெய்துகொள்ளும். விடுமுறை முடிந்து வந்ததும் திடீரென தூரத்தைக் கூட்டினால், சரிசெய்ய அவகாசம் கிடைக்காது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஓரமாக வலிக்கும். இதைத்தான் 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்கிறார்கள். அப்போதும் ஓடினால், எலும்பிலேயே மயிரிழை விரிசல் விழலாம்.

டீமில் இடம் போய்விடுமோ, ஸ்போர்ட்ஸ் கோட்டா கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் பல மாணவர்கள் வலியை மறைக்கிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். சில வாரங்களில் ஆறவேண்டிய காயம் மாதக்கணக்கில் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால்
* நடக்கும்போதோ, இரவில் படுத்திருக்கும்போதோ வலித்தால்

தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். 'எக்ஸ்-ரே நார்மல்' என்று உடனே ஓடத் தொடங்க வேண்டாம். வலி தொடர்ந்தால் மறுபடி டாக்டரிடம் செல்லுங்கள்.

மாணவிகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ, நின்றுபோனாலோ அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் மாதவிடாயும் பாதிக்கும், எலும்பும் பலவீனமாகும்.

காத்திருக்கும் நாள்களில்...

டாக்டர் அனுமதித்தால் நீச்சல், சைக்கிள் என்று இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கலாம். வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகே ஓட்டம். அதுவும் சில நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுஓட்டம் என்று தொடங்க வேண்டும். வலி திரும்பினால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

கால் வலியைவிட, நண்பர்கள் மைதானத்துக்குப் போகும்போது அறையில் தனியாக இருப்பதுதான் பலரை வாட்டும். பயிற்சி நேரத்தில் மைதானத்துக்குப் போய் நேரம் குறித்துக் கொடுக்கலாம், புதியவர்களுக்கு உதவலாம். டீமுடன் உறவு அறுந்துபோகாது.

வீட்டிலும் ஒரு மாற்றம் தேவை. "எப்போ மறுபடி ஓடப் போறே?" என்று கேட்காமல், "இன்னைக்கு நடக்கும்போது வலிச்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். வலியை மறைக்கும் பிள்ளை, உண்மையைச் சொல்லத் தொடங்கும்.