மலை நகர்கிறது, பாலம் இசைகிறது

சுவிட்ஸர்லாந்தின் தென்பகுதியில், ஸெர்மாட் நகருக்குச் செல்லும் ரயில் பாதையில் ராண்டா என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, லார்ச் மரக் காட்டினூடே 600 மீட்டருக்கும் மேலாக ஏறி, ஒரு தொங்குபாலத்தைக் கடந்து, மறுபுறத்துப் பாதை வழியே இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வட்ட யாத்திரையை ஒரு பகலில் முடித்துவிடலாம். மலை அசையாதது என்று பிறந்தது முதல் நாம் கொண்டிருக்கும் நம்பிக்கை அந்த ஒரு பகலில் தளர்ந்துபோகிறது.

பள்ளத்தாக்கின் கிழக்குச் சரிவில் உயரத்தில் நின்று மேற்கே நோக்கினால், எதிர்ச் சுவரில் வெளிறிய ஒரு பெரும் வடு தென்படும். 1991-ஆம் ஆண்டு ஏப்ரலிலும் மே மாதத்திலுமாக இரு தவணைகளில், ஏறக்குறைய 3 கோடி கன மீட்டர் பாறை அங்கிருந்து சரிந்து, ரயில் பாதையைப் புதைத்து, ஆற்றை மறித்து, ஊரின் ஒரு பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரும் பாக்கியம்.

நாம் நிற்கும் சரிவும் சும்மா இருப்பதன்று. கிராபன்குஃபர் என்னும் ஓடையின் தலைப்பில், கல்லும் பனிக்கட்டியும் கலந்த குவியல் ஒன்று, வெகு மந்தமாக ஓடும் நதியைப் போலத் தாழ நகர்ந்துகொண்டிருக்கிறது. கற்களை ஒட்டவைக்கும் சாந்தாக உள்ளிருக்கும் பனி, உஷ்ணம் ஏற ஏற இளகுகிறது. குவியலின் முகப்பிலிருந்து கற்கள் உதிர்கின்றன. 2010-இல் அமைத்த முதற்பாலம் அத்தகைய கல்வீழ்ச்சியால் சேதமுற்று விரைவிலேயே மூடப்பட்டது. அதனால் பாதசாரிகள் வெகுதூரம் இறங்கி மீண்டும் ஏற வேண்டியதாயிற்று. 2017 ஜூலையில் திறக்கப்பட்ட சார்ல்ஸ் குவோனன் பாலமோ, 494 மீட்டர் நீளமும், ஓடைக்கு மேல் 85 மீட்டர் வரை உயரமும் கொண்டு, அபாய பூமியைத் தொடாமலே தாண்டிச் செல்கிறது.

இரும்புக் கம்பிவடங்கள் அத்தனை தூரம் தாங்குவது எவ்வாறு? கொல்லைப்புறக் கொடிக்கயிற்றை நினைத்துப் பாருங்கள். ஈர வேட்டியைப் போட்டதும் கயிறு தொய்கிறது. தொய்வே கூடாதென்று விறைப்பாக இழுத்துக் கட்டினால், சுவரிலுள்ள ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறது. தொய்வு குறையக் குறைய இழுவிசை பன்மடங்காகிறது என்பதே இதன் தத்துவம். ஆகவேதான் பாலத்தைக் கட்டியோர் வடங்களைப் போதுமான அளவு தொய்யவிட்டு, அவற்றின் முனைகளைப் பாறையின் உட்புறத்தில் ஆழப் பதித்திருக்கிறார்கள்.

பாலத்தின் அகலம் 65 சென்டிமீட்டரே. காலடியில் கம்பிச் சல்லடை. அதன் கண்களினூடே, வெகு கீழே, ஓடைக் கற்கள் தெரியும். எதிரே ஒருவர் வந்தால் இருவரும் உடலை ஒருக்களித்தே விலக வேண்டும். மனிதன் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கிறான். அந்தத் தாளம் பாலத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துவிட்டால் ஆட்டம் பெருகும். 2000-இல் திறந்த லண்டன் மில்லேனியம் நடைபாலம் இரண்டே நாளில் மூடப்பட்டதற்கு இத்தகைய ஒத்திசைவே காரணம். ராண்டாவில் அந்த ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சித் தணிக்கும் சாதனங்களை முன்கூட்டியே பொருத்தினார்கள்.

மாலையில் நிலையத்துக்கு இறங்கி வந்து ரயிலேறினால், அதன் தடமும் 1991-இன் பாறைக் குவியலை ஒதுக்கி வேறு வழியில் போடப்பட்டதே. மலையை நில் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அது எங்கே, எவ்வளவு நகர்கிறதென்று பொறுமையாக அளந்து, அதற்கு இடம்விட்டு நம் வழியை அமைத்துக்கொள்ளும் அறிவு மட்டும் நமக்கு வாய்த்திருக்கிறது.