கைக்குழந்தையும் கம்பெனி வேலையும்



திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் தஞ்சாவூர்ப் பக்கம். இந்தப் பக்கம் பஸ் ஏறினால் அரியலூர். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் முன்பெல்லாம் இந்த இரண்டில் ஒரு திசையில் தினமும் போய் வரவேண்டும், இல்லாவிட்டால் ஊரைவிட்டே கிளம்பவேண்டும். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்த பிறகு மூன்றாவதாக ஒரு வழி உண்டாயிற்று. சென்னைக் கம்பெனி வேலையையும் பெங்களூர்க் கம்பெனி வேலையையும் ஊரில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்களில் சிலர், லீவு முடிந்த பிறகும் இப்படியே தொடர்கிறார்கள். குழந்தைக்குப் பாலும் கொடுக்கலாம், சம்பளமும் வரும். நல்ல ஏற்பாடுதான்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் பத்து மாதம். சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன் வருகிறது. இவளுக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு. "நீங்க நல்லாத்தாம்மா வேலை செய்றீங்க. ஆனா ஆபீசுக்கு வந்து உக்காந்தாத்தான் அந்தப் போஸ்ட் தர முடியும்" என்கிறார் மேலாளர். இவள் அடுப்பங்கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். கணவர், "சம்பளம்தான் வருதுல்ல, அப்புறம் என்ன?" என்கிறார். மாமியார், "வீட்ல உக்காந்து தட்டுறதுக்கு இதுல என்ன பெருசு?" என்கிறார். கம்பெனியாவது இவள் வேலை நல்ல வேலை என்று ஒப்புக்கொண்டது. வீடு அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

தன் திறமை குறைவுதான் இதற்குக் காரணம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்வாள். அது சரியல்ல. நடவு வயலில் என்ன நடக்கிறது? வரப்பில் நிற்கிற மேஸ்திரியின் கண்ணுக்கு நேரே நடுகிறவள் பெயர் வாங்குவாள். கடைசி மடையில் குனிந்தவள் இரண்டு மடங்கு நட்டிருந்தாலும் அது அவர் கண்ணில் படாது. ஆபீசிலும் இதே கதைதான். சீனாவில் ஷாங்காய் நகரில் பயண ஏற்பாடு செய்யும் ஒரு பெரிய கம்பெனி இதைச் சோதித்தே பார்த்தது. விரும்பியவர்களில் ஒரு பாதிப் பேரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டு, மறுபாதிப் பேரை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்கள் 13 சதவீதம் அதிகமாக வேலை செய்திருந்தார்கள். ஆனால் ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டபோது, வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்திருந்தது. 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது. பின்பு அதே கம்பெனியில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு, மற்ற நாள் ஆபீஸ் என்று வைத்துப் பார்த்தார்கள். அதில் பதவி உயர்வு குறையவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். இந்த முடிவு 2024-ல் வந்தது. அவ்வப்போது முகத்தைக் காட்டுவதற்கு அவ்வளவு பலன் இருக்கிறது. இது நியாயமா என்றால், நியாயமில்லைதான். ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. இரண்டு குழந்தை வரைக்கும் சம்பளத்தோடு 26 வாரம் லீவு. அதற்குப் பிறகு 12 வாரம். பிரசவத்துக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாளாவது அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமைகளெல்லாம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கின்றன. மகப்பேறு லீவில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது. அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றவும் கூடாது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். தாய் தினம் நான்கு தடவை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றியும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு சொல்லைக் கவனியுங்கள். லீவு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைப்படி முதலாளி 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. ஆகவே வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். எத்தனை மாதத்துக்கு, மாதம் எத்தனை நாள் ஆபீஸ் வரவேண்டும், இந்தக் காலத்து வேலை மற்றவர்களுக்குப் போலவே பதவி உயர்வுக்குக் கணக்கில் வருமா, வேலையை மதிப்பிட்டு எழுதப்போவது யார் என்று நான்கையும் கேட்டு, பதிலைக் கடிதத்திலோ ஈமெயிலிலோ வாங்கி வையுங்கள். பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசாங்க உத்தியோகத்திலும் இந்த வருத்தம் இருந்தது. தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு லீவு 12 மாதம். ஆனால் தகுதிகாண் பருவத்தில் அந்த லீவை எடுத்தால் அது கணக்கில் சேராது. பணிமூப்பு பின்னால் தள்ளிப்போய்ப் பதவி உயர்வும் தவறிப்போகும். அந்த லீவுக் காலமும் தகுதிகாண் பருவத்தில் சேர்த்துக்கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கும் வெகு முன்பே, சென்னையில் படித்த குடகுப் பெண்மணி முத்தம்மா இதே வருத்தத்தோடு உச்சநீதிமன்றம் போனார். 1949-ல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் அவர். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்கிறேன் என்று அவரிடம் முன்பே எழுதி வாங்கியிருந்தார்கள். பெண் என்பதால் உயர்வு மறுக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே உயர்வு வந்துவிட்டது. ஆனாலும் 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தப் பாரபட்சமான விதிகளைக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார்.

இனி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் மனைவியால் மாதம் இரண்டு நாள் சென்னை போய்வர முடியாது என்றால் ஏன் முடியாது? குழந்தையை யார் பார்ப்பது என்பதால்தானே? அந்த இரண்டு நாளை நீங்கள் பார்த்துக்கொள்ளலாமே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரை தாய்ப்பால். தாய் வெளியே போகும் நாளில் பாலைச் சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் பீச்சி வைக்கலாம். வெளியே வைத்தால் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நம்ம ஊர் சித்திரைச் சூட்டில் அவ்வளவு நேரமும் வைக்கவேண்டாம். ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். அடுப்பில் காய்ச்சக்கூடாது; பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாற்றி, பாலாடையில் புகட்டுங்கள். இதற்கு ஆண்பிள்ளைக் கை ஆகாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நேரம் வேலை நேரம் என்பதை அம்மாவிடமும் நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு மாதிரி எடுத்துக்கொள்ளப்படும், உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. "எப்படியும் வீட்லதானே இருக்கா, அடுத்ததையும் பெத்து முடிச்சிடட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிரமோஷன் கிடைக்காத கோபத்தில் அவளே அப்படி முடிவெடுப்பதும் உண்டு. வேண்டாம். தாயின் உடம்பு தேற இரண்டு பிரசவத்துக்கு மூன்று வருஷ இடைவெளி தேவை. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பால் கொடுக்கும் தாய்க்கு எது, எப்போது பொருந்தும் என்று நர்சம்மாவிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

மனவருத்தத்தைச் சும்மா விடாதீர்கள். தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, குழந்தையைத் தூக்கக்கூட மனமில்லாமை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது கம்பெனிமேல் உள்ள கோபம் மட்டுமாக இருக்காது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. 14416 என்ற மனநல எண்ணிலோ 104-லோ தமிழிலேயே பேசலாம். சாகவேண்டும் போலிருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாலும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

லீவு மறுத்தார்கள், லீவு எடுத்ததற்காகவே பதவியைக் குறைத்தார்கள் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்படவேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், போன் எண் 15100. போகும்போது வேலை உத்தரவு, லீவு விண்ணப்பம், கம்பெனி அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை எடுத்துப் போங்கள்.