காஸ் கப்பலில் ஒரு மாப்பிள்ளை

"பையனுக்குக் கப்பலில் என்ஜினியர் வேலை" என்று தரகர் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. "காஸ் ஏற்றிப்போற கப்பல்" என்றதும் எனக்குப் பகீரென்றது! சிலிண்டர் மாற்றினாலே சோப்பு நுரை தடவிப் பார்க்கிறவள் நான். கப்பல் நிறைய காஸ், அதன் வயிற்றில் என்ஜின், பக்கத்தில் என் மாப்பிள்ளையா?

பட்டினப்பாக்கத்துக்காரர்களுக்குக் கப்பல் புதிதில்லை. சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்தால் தூரத்தில் விளக்குகள் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் யோசித்தோம்?

பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜித் தட்டை வைத்த கையோடு கேட்டேவிட்டேன். "அம்மா, இன்டர்வியூவா நடத்தறே?" என்று பெண் காதைக் கடித்தாள். பையனோ பொறுமையாகச் சொன்னார்.

அது நம் சிலிண்டர் காஸ் இல்லையாம், இயற்கை எரிவாயு. சிலிண்டரில் அழுத்தி அடைக்கிறார்கள். இந்தக் கப்பலில் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தே திரவமாக்கிவிடுகிறார்கள். 600 குடம் காஸ் ஒரே குடத்தில் அடங்கிவிடும்! 2019-ல் எண்ணூரில் திறந்த இந்தியன் ஆயில் முனையத்துக்கு வருவது இதுதான். நம் நாட்டுக்கு முதலில் கொண்டுவந்தது 'திஷா' என்ற கப்பல், 2004 ஜனவரியில், குஜராத்தின் தஹேஜுக்கு.

தொட்டி ஒரு ராட்சத பிளாஸ்க் மாதிரி. எவ்வளவு நல்ல பிளாஸ்க் ஆனாலும் காப்பி ஆறுகிறதில்லையா? இங்கே வெளிச்சூடு உள்ளே போய், தினமும் ஆயிரத்தில் ஒரு பங்கு போல ஆவியாகும். விட்டுவைத்தால் தொட்டியில் அழுத்தம் ஏறும். அதனால் அதையே என்ஜின் அறைக்குக் கொண்டுபோய் எரித்துக் கப்பலை ஓட்டுகிறார்கள். வடித்த கஞ்சியை வீணாக்காத நம் பாட்டிமார் புத்தி!

'திஷா'வில் அது பாய்லரில் எரிந்து, நீராவி டர்பைனைச் சுழற்றும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. பற்சக்கரங்கள் அதைக் குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும். மற்றக் கப்பல்கள் டீசலுக்கு மாறியும் காஸ் கப்பல்கள் வெகுநாள் நீராவியை விடவில்லை. ஆனால் நீராவிக்குச் செலவு ஜாஸ்தி. 2006 வாக்கில் காஸ், டீசல் இரண்டிலும் ஓடும் என்ஜின்கள் வந்தன. இவர் கப்பல் அந்த வகை.

"கசிஞ்சா?" என்றேன். இந்த காஸுக்கு வாசனையே கிடையாதாம். சிலிண்டரில் வரும் நாற்றம் நமக்காகச் சேர்ப்பது. அதனால் மூக்கை நம்பாமல் கருவியை நம்புகிறார்கள். என்ஜின் அறையில் காஸ் வருவது குழாய்க்குள் குழாயில். இடைவெளியில் விசிறி காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளி காஸ் தட்டுப்பட்டாலும் வால்வு மூடிக்கொள்ள, என்ஜின் டீசலுக்கு மாறிவிடும்.

"பயம் அதில் இல்லேம்மா. சூடுதான், 45 டிகிரி வரை போகும். காதுக்கு மூடி போடாவிட்டால் செவி போய்விடும். ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்து ஓடணும்" என்றார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு குடியுங்கள் என்று சொல்லிவைத்தேன், சொல்லாமல் இருக்க முடியுமா!

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். "பிரசவ சமயத்துல ஊர்ல இருப்பீங்களா?"

என் கணவருக்குப் புரையேறியது. பையன் கொஞ்சம் யோசித்தார். "லீவு கேட்பேன். ஆனா நடுக்கடல்ல இருந்தா வர முடியாது. இப்பவே சொல்லிடறேன்."

அவர்கள் போனபின் பெண் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "சரின்னு சொல்லிடுங்கம்மா" என்றாள். தை மாதம் கல்யாணம். பிரசவத்துக்கு நான் இருப்பேன், அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன்.