பீவரும் கம்பெனியும்

1670 மே 2 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், தம் உறவினர் ரூபர்ட் இளவரசரின் வணிகர் குழுவுக்கு ஒரு பட்டயம் வழங்கினார். வட அமெரிக்காவின் ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் எல்லாம் பாயும் நிலம் அவர்களுக்கே என்றது அந்தப் பட்டயம். அது இன்றைய இந்தியாவைவிடப் பெரிய பரப்பு. கொடுத்தவருக்கும் அதன் அளவு தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. அங்கே வாழ்ந்துவந்த கிரீ மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற அந்த வணிகர் குழு தேடிப்போனது பொன்னை அல்ல, பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலை. ஐரோப்பியக் கனவான்களின் தலையில் அன்று பீவர் தொப்பி இருந்தாக வேண்டும். ஐரோப்பாவின் பீவர்களோ வேட்டையில் அருகிவிட்டிருந்தன. பீவரின் தோலில் வெளிமயிர் முரடு. அடிமயிர் நுண்ணிய கொக்கிகள் கொண்டது, ஒன்றோடொன்று பின்னி ஃபெல்ட் என்ற அடர்துணியாக இறுகும். கிரீ மக்கள் குளிர்காலம் முழுக்க உடுத்திக் கழித்த தோலுக்கு வணிகர்கள் கூடுதல் விலை தந்தார்கள்: உடலோடு உராய்ந்து வெளிமயிர் உதிர்ந்திருக்கும், தொப்பிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். மீதி வேலைக்குப் பின்னாளில் பாதரச உப்பு வந்தது. தொப்பித் தொழிலாளர்களின் கை நடுங்கியது அதனால்தான்.

வடக்கே அன்று பீவர் தோலே பணம். நன்கு பதமான ஒரு தோல் ஓர் அலகு. துப்பாக்கி, கெண்டி, புகையிலை எல்லாவற்றுக்கும் அந்த அலகில்தான் விலை. பிற்காலத்தில் அதற்கெனப் பித்தளை வில்லைகளையும் கம்பெனி அச்சடித்தது. கம்பெனிக் கம்பளியின் ஓரத்தில் உள்ள கோடுகளும் தோல் கணக்கு என்றே பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை, கோடுகள் குறிப்பது கம்பளியின் அளவை. இன்று பீவரின் உருவம் கனடாவின் ஐந்து சென்ட் நாணயத்தில் இருக்கிறது, 1937 முதல். 1975இல் அது நாட்டின் அதிகாரபூர்வச் சின்னமும் ஆனது. தோலின் விலையோ, பொறி வைப்பவரின் பெட்ரோல் செலவுக்கே பல பருவங்களில் கட்டுவதில்லை.

பீவரை முதலில் காப்பாற்றியது மனிதரின் இரக்கம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பட்டுத் தொப்பிதான் காப்பாற்றியது. 1840களில் லண்டன் மோஸ்தர் பட்டுக்கு மாறியது, பீவர் தோலின் கிராக்கி விழுந்தது. சரணாலயங்களும் வேட்டைக் கட்டுப்பாடுகளும் பின்னால் வந்தவை. ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,200 பீவர்களே எஞ்சியிருந்தன. இன்று அங்கே பத்து லட்சத்துக்கும் மேல்.

கம்பெனி 1870இல் தன் நிலத்தைக் கனடாவுக்கு மூன்று லட்சம் பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு, மெல்ல மெல்லக் கடைக்காரராக மாறியது. டொராண்டோவில் குடியேறிய ஈழத் தமிழர்களுக்கு கம்பெனியின் ‘த பே’ என்றால் துணியும் பாத்திரமும் வாசனைத் திரவியமும் விற்ற பெரிய கடை, அவ்வளவுதான். தோல் ஏல நிலையங்களை 1987இல் கம்பெனி விற்றுவிட்டது. 1991இல் ரோம ஆடை விற்பனையை நிறுத்தி, ஆறே ஆண்டுகளில் மீண்டும் தொடங்கியது. கொள்கையைவிடக் கல்லாப்பெட்டி சற்றே கனமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் வடக்கின் பொறி வைப்பவர்களை நகரவாசிகளான நாம் எளிதில் விட்டுவிடுகிறோம். அன்று இலையுதிர் காலத்தில் கம்பெனியார் அவர்களுக்கு மாவும் தோட்டாவும் கடனாகத் தருவார்கள். வசந்தத்தில் தோலாக அடைக்க வேண்டும். கடன் பிடி இறுக்கமானது. அந்த வணிகப் பாதைகளிலேயே பெரியம்மையும் வந்து 1780களின் தொடக்கத்தில் கூட்டங் கூட்டமாகக் கொன்றது. ஆனாலும் காட்டை அறிந்தவரின் அறிவுக்கு அங்கே ஒரு விலை இருந்தது. ரோமம் உடுத்துவது வெட்கம் என்று பெருநகரங்கள் முடிவு செய்தபோது, பண்ணையில் அடைத்து வளர்த்த மிங்க் என்ற விலங்கின் தோலோடு காட்டுத் தோலின் சந்தையும் சேர்ந்து சரிந்தது. கூண்டுகள் குறைந்தது நல்லதுதான். வேறு வருமானம் இல்லாத கிராமங்களில் ஒரு குளிர்காலத் தொழிலும் குறைந்தது.

2025 மார்ச்சில் கம்பெனி கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது; ஜூன் தொடக்கத்துக்குள் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. பதினாறாம் நூற்றாண்டுக்குள் வேட்டையாடித் தன் பீவர்களை அழித்துவிட்ட இங்கிலாந்தில், அதே மார்ச்சில், டார்செட் மாவட்டத்து ஏரி ஒன்றில் அரசு உரிமத்தோடு இரண்டு இணை பீவர்களை விட்டார்கள்.