வளவுக் கோழிகள்: எந்த இனம் எதற்கு?



உங்கள் வளவில் நிற்கும் கோழிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கறுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, கழுத்தில் இறகில்லாதது ஒன்று, லொறியில் கொண்டுவந்து விற்றவனிடம் வாங்கிய வெள்ளை இரண்டு, உம்மா வீட்டிலிருந்து குஞ்சாக வந்து இன்று அடைக்கு நிற்கும் ஊர்க்கோழி ஒன்று. நம்மவர் வீடுகளில் கோழிகள் இப்படித்தான் சேர்கின்றன. திட்டமிட்டு ஒரே இனமாக வாங்குவோர் மிகக் குறைவு. அது தவறுமல்ல. ஆனால் "எல்லாம் கோழிதானே" என்று எல்லாவற்றுக்கும் ஒரே தீனியைக் கொட்டி, ஒரே கூட்டில் அடைத்துவிட்டு, வெள்ளை அடை கிடக்கவில்லை, சிவப்பு மற்றதைக் கொத்துகிறது, ஊர்க்கோழி முட்டையே இடுவதில்லை என்று குறைப்படுவதுதான் பொருத்தமில்லாதது. அல்லாஹ் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இயல்போடு படைத்திருக்கிறான். அந்த இயல்பை அறிந்தவருக்கே கலப்பு மந்தை பயன் தரும்.

இது பொழுதுபோக்கு விடயம் அல்ல. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கோழித்தீனியின் விலை ஏறியது, சிறு பண்ணைகள் பல மூடப்பட்டன, ஒரு முட்டை ஐம்பது ரூபாவைத் தாண்டியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. அந்த நாட்களில் பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க முடிந்த வீடு எது என்று பார்த்தால், வளவில் நான்கு கோழி நின்ற வீடுதான். முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. எத்தனை பிள்ளைகளின் கொப்பியும் பென்சிலும் அந்தக் காசில் வருகின்றன என்பது வகுப்பறையில் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

முதலில் நமது ஊர்க்கோழியையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 40 முதல் 60 முட்டை வரைதான் இடும். ஒரு தடவைக்கு 12 அல்லது 15 முட்டை இட்டதும் அடைக்கு நிற்கும். 21 நாள் கிடந்து குஞ்சு பொரித்து, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். முட்டைக் கணக்கை மட்டும் பார்ப்பவர் இதை நட்டம் என்பார். ஆனால் இது புழு பூச்சியையும் சிந்திய நெல்லையும் குசினிக் கழிவையும் பொறுக்கியே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. பருந்தின் நிழல் தெரிந்தால் குஞ்சுகளைச் செட்டைக்குள் அழைத்துக்கொள்கிறது. மாமரத்தில் ஏறிப் படுத்துக் கீரிக்குத் தப்புகிறது. இறைச்சியின் ருசியோ சொல்லத் தேவையில்லை. கூலியில்லாத காவற்காரியும் குஞ்சு பொரிக்கும் இயந்திரமும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் ஊர்க்கோழி. கலப்பு மந்தையில் இரண்டு ஊர்க்கோழியாவது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஊர்க்கோழிகளுக்குள் கழுத்து மொட்டையானதைப் பலர் அழகில்லை என்று ஒதுக்குகிறார்கள். இது நோயால் வந்ததல்ல, பரம்பரை இயல்பு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே குஞ்சில் தெரிந்துவிடும். இறகு குறைவாகையால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. வைகாசி வெயிலில் மற்றவை வாயைத் திறந்து இளைக்கும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். நமது வெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடையமைப்பு வேறில்லை.

வெள்ளை லெகோர்ன் இத்தாலி நாட்டுப் பூர்வீகம் கொண்டது. அங்குள்ள லிவோர்னோ என்னும் துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் உச்சரித்த விதமே லெகோர்ன் ஆயிற்று. உடல் சிறியது, பேடு இரண்டு கிலோ அளவுதான். பெரிய கொண்டை. நல்ல தீனி கிடைத்தால் வருடத்துக்கு 250க்கும் மேல் வெள்ளை முட்டை இடும், ஐந்து மாதத்திலேயே தொடங்கிவிடும். உண்ணும் தீனிக்கு முட்டை என்று கணக்குப் பார்த்தால் இதை வெல்லத் தூய இனம் வேறில்லை. ஆனால் பயந்த சுபாவம். பிள்ளைகள் ஓடி வந்தாலே வேலிக்கு மேலால் பறக்கும். அடை கிடப்பது மிக அரிது. அதற்காக அதைக் குறை சொல்லக்கூடாது. அடை கிடக்கும் நாட்களையும் முட்டையாக மாற்றுவதற்காகவே மனிதன் தலைமுறை தலைமுறையாக அதைத் தெரிந்தெடுத்து வளர்த்தான்.

றோட் ஐலன்ட் றெட் அமெரிக்காவின் றோட் ஐலன்ட் மாநிலத்தில் உருவானது. கருஞ்சிவப்பு நிறம். 1954இல் அந்த மாநிலம் இதைத் தனது பறவையாகவே அறிவித்தது. பேடு மூன்று கிலோவை நெருங்கும். வருடத்துக்கு 200க்கும் மேல் சிவப்பு முட்டை. முட்டைக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும். இலங்கை, இந்தியா போன்ற நாடுகளில் ஊர்க்கோழியைத் தரமுயர்த்த இந்த இனத்துச் சேவலைக் கொடுத்து வந்ததற்கு அதுவே காரணம். கஷ்டத்தைத் தாங்கும், மேயும், ஆனால் அதிகாரம் செய்யும். மந்தையில் சண்டை என்றால் முதலில் சிவப்பைத்தான் பாருங்கள்.

கறுப்பு நிறமாக, வெயிலில் பச்சை மினுங்க நிற்பது அவுஸ்ட்ரலோர்ப். இங்கிலாந்தின் கறுப்பு ஓர்பிங்டனிலிருந்து அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது. 1922-23இல் அந்நாட்டில் நடந்த முட்டைப் போட்டியொன்றில் ஆறு பேடுகள் 365 நாளில் 1857 முட்டை இட்டன. ஒன்றுக்குச் சராசரி 309. உங்கள் வளவில் அது நடக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள், அது போட்டிக்குப் பராமரித்த கோழி. 200ஐத் தாண்டினாலே நல்லது. இதன் பெரிய குணம் அமைதி. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கறுப்பு உடம்பு வெயிலை இழுக்கும், ஆகவே நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எப்போதும் வேண்டும்.

இன்று லொறிகளில் வரும் சிவப்புக் கோழிகளில் பெரும்பாலானவை தூய இனங்கள் அல்ல. பண்ணைக்காக இரண்டு மூன்று இனங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்புகள். முதல் வருடத்தில் 300 முட்டையை நெருங்கும், அதன்பின் வேகம் குறையும். சகோதரிகள் இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. இவற்றின் முட்டையை அடை வைத்துக் குஞ்சு எடுத்தால் தாயைப் போலப் பிறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு குஞ்சு பாட்டனைப் போலவும் மற்றது பாட்டியைப் போலவும் சிதறிப் பிறக்கும். முட்டைக்கு வாங்குங்கள், விதைக்கு வைக்காதீர்கள்.

சிவப்பு முட்டையில் சத்து அதிகம் என்பது பரவலான நம்பிக்கை. கடையிலும் அதற்கு விலை கொஞ்சம் கூட. உண்மையில் ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, உள்ளே உள்ள சத்தைப் பொறுத்ததல்ல. மஞ்சட்கருவின் நிறமோ கோழி தின்ற பச்சையைப் பொறுத்தது. வெள்ளை லெகோர்ன் கீரையும் புல்லும் தின்றால் அதன் கருவும் நன்றாகச் சிவக்கும். ஆனாலும் வாங்குபவர் சிவப்பைத்தான் கேட்கிறார் என்றால், விற்பனைக்கு வளர்ப்பவர் அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இனி, இவற்றை ஒன்றாக வைத்திருப்பது எப்படி?

கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்பது அவற்றுக்குள் தீர்மானமாகியிருக்கும். புதிதாக ஒரு கோழியைத் தனியாக விட்டால் எல்லாமாகச் சேர்ந்து அதையே கொத்தும். இரண்டு மூன்றாகச் சேர்த்து, இரவில் கூட்டுக்குள் வைப்பது நல்லது. தீன் பாத்திரமும் தண்ணீர்ச் சட்டியும் இரண்டு இடங்களில் இருக்கட்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஒன்றே காவல் நிற்கும், கறுப்பு பட்டினி கிடக்கும். முட்டையிட நான்கைந்து பேட்டுக்கு ஒரு பெட்டி போதும்.

தீனியில்தான் கலப்பு மந்தையின் பெரிய சிக்கல். முட்டைக்கோழித் தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் குஞ்சுகளுக்கும் வளரும் விடலைகளுக்கும் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் கெடும். ஆகவே எல்லாம் ஒன்றாக மேயும் வளவில் வளர்கோழித் தீனியைப் பொதுவாகக் கொடுத்து, இடித்த சிப்பியை ஒரு சிரட்டையில் தனியாக வையுங்கள். முட்டையிடும் பேடு தனக்குத் தேவையானதைத் தானே தின்னும், மற்றவை தொடாது. பெரிய இனப் பேட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீனி வேண்டும். தவிடும் குறுநலும் மட்டும் போட்டு லெகோர்னிடம் தினமும் முட்டை கேட்பது நியாயமல்ல. ஊர்க்கோழி தேடித் தின்று ஈடுசெய்துகொள்ளும், லெகோர்னால் அந்த அளவுக்கு முடியாது. தீனிக்குச் செலவு செய்ய வசதியில்லாதவர் ஊர்க்கோழியைக் கூட்டி மற்றதைக் குறைப்பதே புத்தி.

பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். சேவல் இல்லாவிட்டாலும் பேடு முட்டை இடும், அது பொரிக்காது, அவ்வளவுதான். ஊர்ப் பேடுகளோடு றோட் ஐலன்ட் சேவலை விட்டால் பிறக்கும் முதல் தலைமுறை உடம்பிலும் முட்டையிலும் தாயைவிட மேலாக வரும். ஆனால் அடை கிடக்கும் குணம் குறையத் தொடங்கும். ஊரிலுள்ள எல்லோரும் இப்படியே செய்தால் சில வருடங்களில் அடை வைக்க ஒரு கோழி இராது. அதனால்தான் தாய்க்கோழிகளில் சிலவற்றைக் கலக்காமல் காப்பாற்றுங்கள் என்கிறேன்.

நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் போவது இதில்தான். நியூகாசில் நோய், நம்மவர் ராணிக்கேத் என்று சொல்வது, 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதலில் அடையாளம் காணப்பட்டது. பச்சையாகக் கழியும், இளைக்கும், கழுத்து முறுக்கும், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழும். மருந்து கிடையாது, முன்கூட்டிய தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. உங்கள் பிரதேச மிருக வைத்தியர் காரியாலயத்தில் விசாரியுங்கள். பத்துக் கோழிதானே என்று வெட்கப்பட வேண்டாம். அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்நோய் பெரும்பாலும் வாங்கி வந்த கோழியோடுதான் வளவுக்குள் நுழைகிறது. ஆகவே புதிதாக வாங்கியதை மூன்று வாரமாவது வேறிடத்தில் வைத்து, அதற்கு இறுதியாகத் தீன் வையுங்கள். மரெக் என்றொரு நோயும் உண்டு. பண்ணைக் குஞ்சுகளுக்குப் பொரித்த நாளிலேயே அதற்குத் தடுப்பூசி போடுவார்கள். அது நோய் வெளிப்படாமல் காக்கும், கிருமி தொற்றுவதைத் தடுக்காது. எனவே பார்வைக்குச் சுகமாக நிற்கும் பண்ணைக்கோழி, ஊசி போடாத ஊர்க்குஞ்சுக்குக் கிருமியைக் கொடுக்க முடியும். காலிழுத்துச் சாகும் குஞ்சுகளுக்குப் பல வேளை காரணம் இதுதான். அடைக்கோழியின் குஞ்சுகளை முதல் இரண்டு மாதமாவது பண்ணைக்கோழியின் கூட்டுப் பக்கம் விடாதீர்கள். கோழியோடு வான்கோழி வளர்ப்பவர்களும் கவனியுங்கள், கோழியின் குடற்புழு மூலம் வரும் ஒரு நோய் வான்கோழியைக் கொன்றுவிடும்.

கோழி தூங்கத் தொடங்கியதும் அவசரமாக அறுத்து அயல் வீட்டுக்கும் பங்கு அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சிலர் அதே கோழியைச் சாக்கில் போட்டுச் சந்தைக்குக் கொண்டு போகிறார்கள். உயிரோடு அறுத்தால் ஹலால்தானே என்பது அவர்களின் வாதம். ஆனால் அந்த இரத்தமும் இறகும் குடலும் போகும் இடமெல்லாம் நோயும் போகிறது. குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த வியாபாரம், அயலவரின் கோழி சாகக் காரணமாவது அயலவரின் உரிமையை மீறுவது. இறந்ததை ஆழமாகப் புதைத்துச் சுண்ணாம்பு தூவி, "எங்கள் வீட்டில் நோய் வந்திருக்கிறது, உங்கள் கோழிகளை அடைத்து வையுங்கள்" என்று பக்கத்து மாமியிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஓர் ஊரின் கோழிகள் தப்புவது பல வேளை அந்த ஒரு வார்த்தையால்தான்.

வளவில் மேயும் கோழி குப்பையையும் கானையும் கிளறும். அசுத்தத்தையே பெரும்பாலும் தின்று இறைச்சியில் வாடை ஏறிய பிராணியை மார்க்க நூல்கள் ஜல்லாலா என்கின்றன. அதை உண்பதை நமது ஷாபிஈ அறிஞர்கள் மக்ரூஹ் என்கிறார்கள். அத்தகைய கோழியை இப்னு உமர் (ரழி) அவர்கள் மூன்று நாள் அடைத்து வைத்துவிட்டே உண்பார்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது. பெருநாளுக்கோ விருந்துக்கோ அறுக்க நினைக்கும் சேவலை மூன்று நாள் முன்னதாகவே கூட்டில் விட்டு, நெல்லும் சுத்தமான தண்ணீரும் கொடுங்கள். இறைச்சிக்கும் அது நல்லது.

புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்கு ஒரு கணக்கு: அடை கிடக்கும் ஊர்ப் பேடு இரண்டு, அவுஸ்ட்ரலோர்ப் அல்லது றோட் ஐலன்ட் மூன்று, தீனிக்கு வசதியிருந்தால் லெகோர்ன் ஒன்றிரண்டு, சேவல் ஒன்று. ஊர்க்கோழி அடைக்கு நின்றதும் அதன் முட்டையோடு கறுப்பினதும் சிவப்பினதும் முட்டையைக் கலந்து பத்துப் பன்னிரண்டு வையுங்கள். இட்டு ஏழு நாளைத் தாண்டாத முட்டையாக இருக்கட்டும். ஏழாம் நாள் இரவு ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடுங்கள். சேவலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வரும் சேவலுக்கும் அந்த மூன்று வாரத் தனிக்கூடு உண்டு.