நடை மிச்சமா, லொறி மிச்சமா?

கட்டடக் கொந்தராத்து எடுப்போர் சீமெந்து விலையையும் மேசன் கூலியையும் சதக் கணக்கில் பார்ப்பார்கள். சாமான் சுமக்கும் லொறியைப் பற்றி யோசிப்பதோ, அது நின்றுபோன பிறகுதான்.

ஒரு சீமெந்து மூடை 50 கிலோ. "இன்னும் 10 மூடையைப் போடு, அடுத்த நடை மிச்சம்" என்றால் அரைத் தொன் கூடிவிடுகிறது. கண்டியில் ஏற்றி மாவனல்லைக்குக் கொண்டுவருவதானால், கடுகண்ணாவை இறக்கத்தில் அந்தப் பாரத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது.

மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடும். சாரதி இரண்டு செக்கன் தொலைபேசியைப் பார்த்தால், 30 மீற்றருக்கு மேல் பாதையைப் பாராமல் ஓட்டுகிறார். "எங்கே நிற்கிறாய்?" என்று அந்த அழைப்பை எடுப்பது பெரும்பாலும் முதலாளிதான்!

மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்போர் ஒன்றை மறக்கக் கூடாது. அது மற்றவரின் நட்டத்துக்கே. நமது லொறியைத் திருத்த ஒரு சதமும் வராது. கொந்தராத்துக் கெடுவும் நமக்காகக் காத்திராது.

ஆகவே, சாமானை முதல்நாள் மாலையே ஏற்றி வையுங்கள். காலையில் டயர், பிரேக், விளக்கு, கட்டிய கயிறு நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள். சாரதிக்கு நேரம் கொடுப்பது செலவல்ல, முதலைக் காப்பது.