சைக்கிள் மிதித்தால் புற்றுநோய் தீருமா?

ஆற்காட்டில் பாலாற்றுப் பாலத்தருகே சைக்கிளில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலூர், பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் போய்ச் சேர வேண்டும். தூரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் மிதித்தால் ஐந்து மணி நேரம் ஆகும். எதிர்க்காற்றோடும் சாலையின் உராய்வோடும் போராடும் உங்கள் கால்களின் திறனைச் சராசரியாக 75 வாட் என்று கொள்ளலாம். அப்படியானால் நீங்கள் செய்த வேலை எவ்வளவு? 75-ஐ 5-ஆல் பெருக்கினால் 375 வாட்-மணி வருகிறது. அரை யூனிட் மின்சாரம்கூட இல்லை! உங்கள் வீட்டு மின்விசிறி ஐந்து மணி நேரம் சுழன்றால் இதே அளவு ஆற்றலைச் செலவிட்டுவிடும். இதன் விலை சில ரூபாய்தான்.

ஆனால் உலகின் பல நாடுகளில், இப்படி மிதித்தே கோடிக்கணக்கான பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திரட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டில், புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் என்ற இளைஞர், 36 பேருடன் ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு திரண்டது ஏறத்தாழ பத்தாயிரம் டாலர். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணம் இன்றுவரை நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கென்றே தனியாக நடைபெறும் பயணங்களும் உண்டு.

அரை யூனிட் வேலை இவ்வளவு பணமாவது எப்படி?

கணக்கு எளியது. நீங்கள் கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு ரூபாய் தருவதாக ஒருவர் வாக்களிக்கிறார். 75 கிலோமீட்டருக்கு 150 ரூபாய். இப்படி 20 பேர் வாக்களித்தால் 3,000 ரூபாய். நூறு பேர் சைக்கிள் ஓட்டினால் மூன்று லட்சம் ரூபாய். இங்கே விலை போவது உங்கள் உழைப்பன்று. "இவன் இதற்காக வெயிலில் வியர்வை சிந்துகிறானே, அப்படி என்ன விஷயம்?" என்று இருபது பேரை நீங்கள் கேட்க வைக்கிறீர்கள். அந்தக் கேள்விதான் பணமாகிறது. பணத்தைவிட முக்கியமாக, அது பேச்சாகவும் ஆகிறது.

மௌனத்தின் விலை

பேச்சு ஏன் முக்கியம்? 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 1,92,000 பேர். அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் புதிய நோயாளிகள் 23 லட்சம். இறந்தவர்கள் 6 லட்சத்து 70 ஆயிரம். அதாவது, உலக அளவில் நூறு புதிய நோயாளிகளுக்கு முப்பதுக்கும் குறைவான சாவு. நம் நாட்டில் ஐம்பதுக்கும் மேல். நம்மவர்கள் மருத்துவரிடம் காலம் கடந்து வருவது இதற்கு ஒரு பெரிய காரணம்.

காலம் கடத்துவதன் பொருளைக் கணிதம் சொல்லும். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. இப்படிப் பத்து முறை இரட்டித்தால் ஆயிரத்துச் சொச்சம் செல்கள். இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சத்துச் சொச்சம். முப்பது முறை இரட்டித்தால் நூறு கோடிக்கு மேல். கட்டி ஒரு புளியங்கொட்டை அளவு, அதாவது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் விட்டம் அடைவது அப்போதுதான். அது இரண்டு சென்டிமீட்டர் ஆவதற்கு இன்னும் முப்பது இரட்டிப்புகள் வேண்டுமா? வேண்டாம். விட்டம் இரண்டு மடங்கானால் பருமன் எட்டு மடங்கு. எட்டு மடங்காவதற்கு மூன்றே இரட்டிப்புகள் போதும்! உடலுக்குள் செல்கள் இவ்வளவு ஒழுங்காகப் பெருகுவதில்லை என்பது உண்மை. ஆயினும் கணக்கின் போக்கு இதுதான். கைக்குத் தட்டுப்பட்ட பிறகு தாமதிக்க இடமில்லை.

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியுமுன் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்கும் ஒரு பெண்ணுக்கு, மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கட்டி வலிக்கவும் இல்லை. "வலிக்காததற்கு எதற்கு வைத்தியம்?" என்று அவள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதே இங்குள்ள ஆபத்து.

கையே கருவி

நோயை முன்னதாகக் கண்டறிய விலையுயர்ந்த எந்திரம்தான் வேண்டுமா? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். 1998-இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி, இருபது ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை, நான்கு சுற்றுகள், கையால் பரிசோதித்தார்கள். 2021-இல் முடிவு வெளியாயிற்று. ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவுகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தன. அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. இப்படி, பலன் உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் சேர்த்தே சொல்வதுதான் விஞ்ஞானம்.

அதே மருத்துவமனையின் தலைமையில் நடந்த இன்னோர் ஆராய்ச்சியைப் பாருங்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகச் செய்வதற்கு லிடோகெய்ன் என்ற மருந்தை ஊசியால் செலுத்துவார்கள். நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் அயனிகள் நுழையும் மின் வாயில்களை அது அடைத்துவிடுகிறது. புற்றுச் செல்களிலும் இத்தகைய வாயில்கள் உண்டு. அறுவைச் சிகிச்சையின்போது கிளறப்படும் செல்கள் வேறிடம் பரவ அவை துணைபுரியலாம் என்று கருதினார்கள். எனவே அறுவைக்குச் சில நிமிடங்கள் முன்பு, கட்டியைச் சுற்றி இம்மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். 11 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 1,600 பெண்கள் இதில் பங்கேற்றார்கள். 2023-இல் வெளியான முடிவு இது: ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் ஊசி போடாத பிரிவில் 86.4 சதவீதம், போட்ட பிரிவில் 90.1 சதவீதம். நூறு பேருக்கு ஏறத்தாழ நால்வர் கூடுதல்.

மருந்தோ மலிவானது, எவருக்கும் தனியுரிமை இல்லாதது. இதை ஆராய்ந்தால் எந்த மருந்துக் கம்பெனிக்கு இலாபம்? எவருக்கும் இல்லை. ஆகவேதான் இத்தகைய ஆராய்ச்சிக்கு அரசின் பணமோ மக்களின் பணமோ வேண்டும். சைக்கிள் பயணங்கள் திரட்டும் பணத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

மக்கள் பணத்தால் எழுந்த மருத்துவமனை

தமிழகத்துக்கு இது புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை முயற்சியாக்கி, நன்கொடை திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை இயங்கச் செய்தார். 1957-இல் அங்கே கோபால்ட்-60 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி வந்தது. கோபால்ட்-60 ஏறத்தாழ 5.27 ஆண்டுகளில் தன் வீரியத்தில் பாதியை இழக்கும். ஆகவே கருவியை ஒரு முறை வாங்கினால் மட்டும் போதாது. உள்ளிருக்கும் கதிரியக்கப் பொருளை அவ்வப்போது மாற்ற வேண்டும். நன்கொடையும் அப்படித்தான். ஒரு முறை கொடுத்து முடிவதன்று.

முத்துலட்சுமி பிறந்த புதுக்கோட்டையில், 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். எவர் துணையுமின்றிச் சுகாதார நிலையத்துக்குப் போய்வரும் துணிவை அது தந்தது. சைக்கிளுக்கு இப்படியும் ஒரு மருத்துவப் பயன் உண்டு! தவறாத உடற்பயிற்சி மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் குறைக்கிறது என்பதும் ஆராய்ச்சிகளில் தெரிந்த உண்மை. ஆனால் அது முழுக் கவசமன்று.

சைக்கிள் மிதித்தால் புற்றுநோய் தீராது. மிதிப்பவர்களால் திரளும் பணத்தில் ஆராய்ச்சி நடக்கும். எழும் பேச்சில் சில உயிர்கள் காலத்தில் தப்பும்.

எனவே, மாணவர்களே, இந்த இதழை வீட்டில் மூடி வைத்துவிடாதீர்கள். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் குழிதல், காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவை கண்டால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கும் அக்காவுக்கும் அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அச்சம் குறையும். நம் பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் தயங்கினால், சைக்கிளின் பின்இருக்கையில் ஏற்றிக்கொண்டு பேருந்து நிலையம் வரை நீங்களே கொண்டுபோய் விடுங்கள்.